பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: விடுமுறையில் எழுத ஒரு நோட்டு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்கு முன் நம் டெல்லிப் பள்ளியின் 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறோம். 'நான் படித்து வந்த பாதை' என்று அதற்குத் தலைப்பு. நினைவு தெரிந்த நாளிலிருந்து இன்று வரை எங்கே படித்தோம், யாரிடம் படித்தோம், எந்த மொழியில் படித்தோம், எது பிடித்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அவர்கள் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. ஆனால் 11-ஆம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உங்களை அழைத்துப் பேசும்போது, மார்க் ஷீட்டுக்கு முன் இந்த நோட்டைத்தான் நான் புரட்டுவேன்.

காரணம் இருக்கிறது. 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. 12-ஆம் வகுப்பில் எந்தப் பாடங்களைப் படித்தார்களோ, அதே பாடங்களில்தான் அந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. பொருளாதாரம் ஆனர்ஸ் வேண்டுமானால் கணிதம் கட்டாயம். அதற்கும் முன்னால், இந்த ஆண்டே ஒரு முடிவு காத்திருக்கிறது. சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்புக் கணிதத்தில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு நிலை உண்டு. மேற்கொண்டு கணிதம் படிக்கப்போகிறவர்களுக்கானது ஸ்டாண்டர்ட். "இவளுக்குக் கணக்கு வராது சார், பேசிக்கே போட்டுடுங்க" என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தை, மூன்று வருடம் கழித்து அவள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்பதுவரை வந்து நிற்கும்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி இப்போது டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதலாண்டு படிக்கிறாள். அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்ததால் இதைச் சொல்கிறேன். வீடு திரிலோக்புரியில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா மயூர் விகாரில் சில வீடுகளில் சமையல். அங்கன்வாடியில் இந்தி, வீட்டில் தமிழ், இங்கே 1-ஆம் வகுப்பில் சேர்ந்தால் புத்தகத்தில் இங்கிலீஷ். முதல் பருவம் முழுக்க அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. உறவுக்காரர்கள் 'மந்தம்' என்றார்கள். மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளை கொஞ்ச காலம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், முடிந்த இடங்களில் குறைந்தது 5-ஆம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் 'மந்தம்' என்ற அந்த ஒரு சொல் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. 9-ஆம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் ஃபெயிலானதும் வீட்டில் எல்லோரும் "அப்பவே தெரியும்" என்றார்கள்.

அவளும் இதே போன்ற நோட்டு எழுதினாள். அதில் முதல் பக்கங்கள் காலியாக இருந்தன. "சின்ன வயசு ஞாபகம் இல்லை" என்று ஒரே வரி. அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பள்ளிக்கு வருவதற்கு முன்பே, வாரச்சந்தையில் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி எவ்வளவு என்று காய்காரருக்கு முன்னால் இந்தியில் சொல்லிவிடுவாளாம். பள்ளிக்கு இது தெரியவே தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அடுத்து 2020-க்கான பக்கம். அவள் அப்போது 8-ஆம் வகுப்பு. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வெளியே போய்விடும். இரவு வந்த பிறகு வாட்ஸாப்பில் வந்த கணக்குப் படங்களைப் பார்த்து அப்படியே காப்பி எழுதியிருக்கிறாள். "எக்ஸ் என்றால் என்ன என்று கேட்க யாரும் இல்லை" என்று எழுதியிருந்தாள். 7-ஆம் வகுப்பு வரை அவள் கணக்கு மார்க் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அறுந்தது அந்த ஒரு வருடத்தில். எங்கள் கணித ஆசிரியை 8-ஆம் வகுப்புச் சமன்பாடுகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஸ்டாண்டர்ட் எழுதினாள், சுமாரான மார்க்தான். 11-ல் காமர்ஸோடு கணிதமும் எடுத்தாள். முதல் சுற்றில் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை, கிடைத்ததில் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் திணறியதாகவும் சொன்னாள். ஆனால் படிக்க ஆசைப்பட்டதைப் படிக்கிறாள்.

இன்று 10-ல் இருக்கும் உங்கள் பிள்ளைகள் 2020-ல் 4-ஆம் வகுப்பு. டெல்லியில் சின்ன வகுப்புகள் முழுமையாக நேரில் நடக்கத் தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். பின்னம், தசமம், நீள்வகுத்தல் எல்லாம் கற்கும் வருடங்கள் அவை. அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஊருக்குப் போன குடும்பங்கள் பல. சில பிள்ளைகள் அங்கே சமச்சீர்ப் பாடத்தில் சேர்ந்து பாதியில் திரும்பினார்கள். 2025 ஜூனில் ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப்பகுதி இடிக்கப்பட்ட பிறகு, டெல்லியின் கோடியில் உள்ள நரேலாவுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வந்துபோவதே பாதி நாள். இதையெல்லாம் எழுதட்டும். சாக்குச் சொல்வதாக யாரும் நினைக்க மாட்டோம். எந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிய வேறு வழியில்லை.

நோட்டின் முடிவு எல்லோருக்கும் ஆனர்ஸாக இருக்க வேண்டியதில்லை. மாமாவோடு மோட்டார் பழுதுபார்க்கப் போனதையே பக்கம் பக்கமாக எழுதிய ஒரு பையன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ சேர்ந்தான். டிப்ளமோ முடித்தால் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. அவன் அப்பாவை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தமிழில் நன்றாக எழுதும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்: க்யூட்டின் 13 மொழித்தாள்களில் தமிழும் ஒன்று.

பழைய காகிதங்களைத் தேடும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பிள்ளைகளின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து கிடக்கிறது. 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பெயர்தான் கல்லூரி வரை கூட வரும். தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கு முன் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்.

நோட்டைத் தமிழிலோ இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுதலாம். பிழை திருத்த வேண்டாம். ட்யூஷன் சாரிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ கொடுத்து எழுதி வாங்கவும் வேண்டாம். ஐந்து வயதுக்கு முந்தைய பக்கங்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாட்டி, தாத்தா ஊரில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். ஜூலையில் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். நேரில் பேச விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை வரலாம். வேலையை விட்டுவர முடியாதவர்களுக்கு மாலையில் நேரம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்