கல் எறிந்தது யார், ஆசிரியரே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், போர்னியோ தீவிலுள்ள சபா மாநிலத்தின் ராஜா ஸ்கோப்ஸ் ஆந்தை பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1892-க்குப் பிறகு போர்னியோவில் யார் கண்ணிலும் படாத இந்தச் சிற்றாந்தை, 2016 மே மாதம் கினபாலு மலைக்காட்டில் மறுபடி தென்பட்டது. நல்ல செய்திதான். நடுவில் எதற்கு ஐயா அந்த வரி? "தோட்டப்புற மக்கள் அபசகுனம் என்று ஆந்தையை இன்னும் கல்லால் அடிக்கிறார்கள்."

அந்தப் பறவை இருப்பது போர்னியோவிலும் சுமத்ராவிலும். கினபாலுவில் அது தென்பட்ட இடம் சுமார் 1,650 மீட்டர் உயரம். கடலுக்கு இந்தப் பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அங்கே கல் எறியத் தெரிந்திருந்தால் எங்களை ஒலிம்பிக்குக்கே அனுப்பியிருப்பார்கள்.

நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்தவன். எலி பழக்குலையைக் கடித்து நாசம் செய்கிறது என்று தீம்பாரில், அதாவது மரங்கள் நிற்கும் வேலைக்காட்டில், கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி ஏற்றியது எங்கள் ஆட்கள்தான். வெள்ளை மூஞ்சி ஆந்தைகள் குடிவந்தன, எலியும் குறைந்தது. அப்புறம் அதே நிர்வாகம் எலி மருந்தும் வைக்கச் சொன்னது. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற ஆந்தைகள் பெட்டிக்குக் கீழேயே செத்து விழுந்தன. குழி தோண்டிப் புதைத்ததும் நாங்கள்தான். இதில் கல் எங்கே வந்தது?

உங்கள் பத்திரிகைக்குத் தோட்டம் என்றால் சாராயமும் மூடநம்பிக்கையும்தான். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை என்றீர்கள். அந்த வாரம் நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது. சரி, உங்கள் பிழைப்பு உங்களுக்கு.

இதைவிட வேடிக்கை, கட்டுரைக்கு நீங்கள் போட்ட படம். ராஜா ஆந்தையின் கண் ஆரஞ்சு நிறம். படத்தில் இருப்பது கறுத்த கண்ணும் வெள்ளை மூஞ்சியுமாக எங்கள் பெட்டி ஆந்தை! எங்களைத் திட்டவும் எங்கள் ஆந்தைதான் வேண்டியிருக்கிறது.

சொன்னதை மாற்றி எழுதச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்தவில்லை. வரும் ஞாயிறு சரியான படத்தையாவது போட்டுவிடுங்கள். பேத்தி உங்கள் படத்தை வெட்டிப் பள்ளிச் செயல்திட்டத்தில் ஒட்டிவிட்டாள். திங்கட்கிழமை ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மண்டோர்,
சுங்கை சிப்புட், பேராக்.