டார்வினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு அனுப்பிய மருந்து வந்து சேர்ந்ததா?

இங்கே மழைக்காலம் முடிந்து, காலையில் சற்றுக் குளிர்கிறது. அவுஸ்திரேலியா என்றாலும், மாமரமும் தென்னையும் கடற்காற்றும் உண்டென்பதால் டார்வின் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. ஒரேயொரு குறை, கடலில் கால் வைக்க முடியாது. முதலை இருக்கிறது, மழைக்காலத்தில் நச்சுச் சொறிமுட்டையும் (ஜெல்லி மீன்) சேர்ந்துகொள்ளும். உப்புவெளியில் வளர்ந்தவளுக்கு இது பெரிய தண்டனை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வரும்போது கடற்கரை வீதியால் நடந்து வந்து மனத்தை ஆற்றிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் பொயின்ட் என்ற இடத்திலுள்ள இராணுவ நூதனசாலைக்குப் போனோம். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

பெரிய நூதனசாலை அல்ல. கடலோரக் காட்டுக்குள் ஒரு பழைய கொங்கிரீட் பதுங்கறை, அதைச் சுற்றி மரநிழலில் பீரங்கிகள், வாகனங்கள், பக்கத்தில் 2012இல் கட்டிய புதிய மண்டபம். பதுங்கறை, கடலை நோக்கி வைத்த 9.2 அங்குலப் பீரங்கிகளை இயக்குவதற்காகக் கட்டப்பட்டது. எதிரி கடலால் வருவான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல், யப்பானியன் வானத்தால் வந்தபோது அந்தப் பீரங்கிகள் பொருத்தப்பட்டுக்கூட இருக்கவில்லை. பொருத்தி முடிந்த பிறகு எதிரியை நோக்கிச் சுட வேலையும் இருக்கவில்லை. பின்னர் அவற்றைப் பழைய இரும்பாக விற்றார்கள். வாங்கியது, துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்ற வந்த யப்பானியக் கம்பனி! சின்னவன் இதைக் கேட்டு நம்பவேயில்லை.

1942 பெப்ரவரி 19, காலை 9.58. நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 188 விமானங்கள் வந்தன. நண்பகலளவில் இன்னும் 54. குறைந்தது 235 பேர் இறந்தார்கள். 'பியரி' என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் துறைமுகத்திலேயே எரிந்து மூழ்கியது. வெடிமருந்தோடு கட்டியிருந்த 'நெப்டியூனா' கப்பல் வெடித்தபோது இறங்குதுறையில் நின்ற தொழிலாளர்கள் பலர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். வடக்கே பாதர்ஸ்ட் தீவு மிஷனில் இருந்த பாதிரியார் மக்ராத், விமானங்கள் தலைக்கு மேல் போவதைக் கண்டு 9.35 மணிக்கே வானொலியில் அறிவித்தாராம். அமெரிக்க விமானங்கள் திரும்பி வருகின்றன என்று நினைத்து யாரும் சங்கு ஊதவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் கையில் இருந்தது, அப்பா. பதுங்கு குழிக்கு ஓட எங்களுக்கு எத்தனை நிமிடம் வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் தபாலதிபராக இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று டார்வின் தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு பதுங்கு குழி இருந்தது. குண்டு நேரே அதில் விழுந்தது. தபாலதிபர் ஹேர்ட்டல் போல்ட், மனைவி அலிஸ், மகள் ஐரிஸ், கூட வேலை செய்த தொலைபேசிப் பெண்கள், எல்லோரும் போய்விட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் டிசம்பரிலிருந்தே ஊரைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஊருக்கும் வெளியுலகுக்கும் இடையில் தந்தியும் தொலைபேசியும் அறாமல் இருக்க இவர்கள் நின்றுகொண்டார்கள். நான் அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். நம் உப தபால் கந்தோரின் பின்வளவில் நீங்கள் வெட்டிய குழியும், செல்லடி ஓய்ந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு முத்திரைப் பெட்டியைத் தேடிப் போன உங்களையும்தான் நினைத்தேன்.

வாயிலில் இருந்த முதியவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை என்றதும், 'வம்பயர்' கப்பலைத் தெரியுமா என்றார். தெரியாமல் என்ன! மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மூழ்கிய கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அதற்குத் துணையாகப் போய், அதே 1942 ஏப்ரல் 9ஆந் திகதி மூழ்கிய 'வம்பயர்' அவுஸ்திரேலியக் கடற்படையின் கப்பல். இந்தத் துண்டை மட்டும் நான் இதுவரை பொருத்திப் பார்த்திருக்கவில்லை. டார்வினைத் தாக்கிய யப்பானியத் தளபதி நகுமோவின் அதே படைதான் ஏழு வாரம் கழித்துத் திருகோணமலைக்கு வந்தது. அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்று கப்பல்களும் இரண்டு இடத்திலும் இருந்தன. விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அதே புச்சிடா. சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் விமானம் மோதி எரிந்ததை நான் அவருக்குச் சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் எழுதியதுதான் என் மனத்தைக் குடைகிறது. ஆண்டுதோறும் பெப்ரவரி 19ஆந் திகதி 9.58க்கு இங்கே சங்கு ஊதுகிறார்கள். கப்பலில் சாமான் இறக்கியவனுக்கும் பெயர் உண்டு. நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்தக் கல்லறையைப் பாடசாலைக் காலத்தில் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அங்கே படையினரின் பெயர்களைக் கண்டேன். அன்று துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம்மவர்களின் பெயர்களை எங்கும் நான் கண்டதில்லை. அவர்களும் அந்தப் போரில் செத்தவர்கள்தானே.

திருக்கடலூர் ஆச்சிக்கு அப்போது பத்து வயது இருக்கும். தம்பலகாமத்துக்கு இரவோடிரவாக நடந்து போனதை எனக்குச் சொல்லியிருக்கிறா. வழியில் தாயின் கையைத் தவறவிட்டதையும், யாரோ ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டதையும்கூடச் சொன்னா. நீங்கள் இந்தக் கிழமையே போய் அவவோடு இருந்து, யார் யார் செத்தார்கள், எந்தத் தெருவில் குண்டு விழுந்தது, துறைமுகத்தில் யார் வேலை செய்தார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பெயர் பாதி நினைவிருந்தால் பாதியையே எழுதுங்கள். தம்பியை அனுப்பி ஒலிப்பதிவும் செய்யச் சொல்லுங்கள். காலையில் போனால்தான் ஆச்சி தெளிவாகப் பேசுவா. ஆச்சிக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போக மறக்க வேண்டாம். பணம் அடுத்த கிழமை அனுப்புகிறேன்.

அன்பு மகள்