கதிர் வந்ததும் காட்டுக்குப் போம்

அன்புள்ள சண்முகம்,

நாங்குநேரிப் பக்கம் உடங்காட்டை, அதாவது உடைமரக் காட்டை, மேய்ச்சலுக்குப் பிடித்த சேதி கேட்டு சந்தோஷம். என்னென்ன புல் கிடக்கிறதென்று பார்க்க மார்கழிக்குள் போய்வாரும் வே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்தது அப்போதுதான் கதிரோடு நிற்கும். பங்குனியில் ஆடு கடித்த தூரைப் பார்த்துப் பெயர் சொல்வது ரொம்பச் சிரமம்.

முதலில் கோரையை ஒதுக்கும். தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டும், கணு இருக்காது. புல்லுக்குக் கணு உண்டு.

நீர் தேட வேண்டியது கொழுக்கட்டைப் புல். கதிரைக் கீழிருந்து மேலே உருவினால் மணியெல்லாம் முள்மயிரோடு கையில் வந்துவிடும். நடுக்காம்பு மட்டும் வளைந்து வளைந்து நிற்கும். இலை உறையை விட்டுப் பிரியும் இடத்தை விரித்துப் பாரும், பொடி மயிர் வரிசை தெரியும். மணியைச் சுற்றிய மயிர் நீண்டு மெத்தென்று இருந்தால் தாவரவியல் பெயரில் சென்க்ரஸ் சிலியாரிஸ். குட்டையாக விறைத்து உறுத்தினால் சென்க்ரஸ் செட்டிஜெரஸ். இரண்டும் பல வருஷம் நிற்கும், ஆடுமாடு விரும்பித் தின்னும்.

ஊசிப்புல்லில்தான் கவனம் வேண்டும். பூக்கும் முன் அடித்தண்டு தட்டையாக இருக்கும், அந்தப் பருவத்தில் மாடு தின்னும். முற்றினால் கதிரின் கரும்பழுப்பு வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அந்த வால் ஈரத்தில் அவிழும், காய்ந்தால் முறுக்கும். அதனாலேயே விதை செம்மறியின் தோலைத் துளைத்து ஏறுகிறது, வாயும் புண்ணாகிறது. பூக்கும் முன் மேய்த்துவிடும், இல்லையென்றால் விதை உதிரும்வரை ஆட்டை விடாதேயும். மணித்தலையில் மூன்று மயிராகப் பிரிந்தால் அது வேறு, அரிஸ்டிடா. இலை மெலிசு, தீனிக்கு உதவாது. அது மண்டிக் கிடந்தால் காடு அளவுக்கு மேல் மேய்ந்து ஓய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளும்.

தண்டு நுனியில் விரல் விரித்த மாதிரி கதிர் வந்தால் பலரும் எல்லாவற்றையும் அறுகு என்றே சொல்லிவிடுகிறார்கள். விரல் மெலிந்து, மயிரில்லாமல், தண்டு தரையோடு ஓடினால் அறுகு. விரல் தடித்து, அதன் நுனி மணியில்லாமல் மொட்டைக் கூராக நீண்டால் காக்கைக்கால் புல். ஊதா நிறமும் நீள மயிரும் இருந்தால் மயில்கொண்டைப் புல்.

சந்தேகமானதை வேரோடு பிடுங்கும். கதிரை மட்டும் கிள்ளினால் ஒருவருஷப் புல்லா, தூர் கட்டியதா என்று தெரியாது. செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கனம் ஏற்றும். முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்றும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். இடம், மண், தேதி, எந்த மரத்தடி என்று தாளிலேயே எழுதும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்கலாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்பும்.

அன்புடன்,
பரமசிவம்