மாலதிக்கு, ஸ்டேக் பற்றி

காரைக்கால்
டிசம்பர் 29

அன்பு மாலதிக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள், அதனால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? வலி குறைந்துவிட்டது என்று வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடாதே. சம்பா கதிர் தள்ளுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே திருநள்ளாறு பக்கமும் அப்படித்தான். வயலில் தண்ணீர் வடிந்ததா, பயிர் சாயாமல் நிற்கிறதா என்று எழுது.

அண்ணன் குடும்பத்தோடு பாரிசிலிருந்து வந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டன. பெரியவளுக்குத் தமிழ் நன்றாகப் புரிகிறது, பேசத்தான் கூச்சம். அப்பாயியிடம் மட்டும் தயங்காமல் பேசுகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வருகிற மருமகப்பிள்ளைக்கு ஸ்டேக், அதுதான் கனமாக வெட்டிச் சட்டியில் வாட்டுகிற மாட்டுக்கறித் துண்டு, செய்து போடணும், நம் ஊர் மாட்டுக்கறியில் அது வருமா என்று கேட்டிருந்தாய். வரும் மாலதி. சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு, மிளகும் க்ரீமும் சேர்ந்த சாஸோடு. கேட்டது அண்ணன் பிள்ளைகள்தான். ஆனால் நான் செய்தது அம்மாவுக்காக.

அம்மாவுக்குப் பல் பாதிக்கு மேல் போய்விட்டது. மாட்டுக்கறி என்றால் இன்னும் உயிர். நம் பக்கம் கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்துக் களைத்த மாடு. உங்கள் தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துச் சட்டமே பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடு, இல்லையென்றால் அடிபட்டோ நோய்ப்பட்டோ முடங்கிய மாடு, அதற்குத்தான் அறுக்கலாம் என்று சான்று கொடுக்கச் சொல்கிறது. வயது ஏற ஏறச் சதையைக் கட்டியிருக்கும் சவ்வு இறுகிவிடும். அதனால்தான் குக்கரில் விசில் மேல் விசில் விட்டு, தேங்காய்ச்சில்லு போட்டுச் சுருள வறுக்கிறோம். அப்படியும் அம்மா சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, சக்கையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது.

தாத்தா பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வீட்டுக் குசினியில் வேலை பார்த்தவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கிறவரை அந்த வேலைதான். இந்தக் கறியையும் இந்தச் சாஸையும் செய்து பழகிய கை அது. வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது எலும்பும் கொழுப்பும்தான். எலும்புச் சாற்றில் சோறு பிசைந்து தின்றதை அம்மா ஆசையாகச் சொல்வாள், அந்தக் கறியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தின்றிருந்தால்தானே சொல்ல! மாடு தின்கிறவர்கள் என்று ஊர் எங்களைப் பேசியது போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று. ஆனால் அந்த மாட்டில் நல்ல துண்டு எது என்பதே எங்கள் வீட்டுக்கு எட்டாமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தத் துண்டுக்குக் கறிக்கடையில் அண்டர்கட் என்று பெயர். முதுகெலும்புக்கு அடியில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக நீளமாய் இரண்டு பட்டை இருக்கும். ஏர் இழுத்தாலும் வண்டி இழுத்தாலும் அந்தச் சதைக்குப் பெரிய வேலை கிடையாது, அதனால் வயதான மாட்டிலும் மெத்தென்று இருக்கும். ஒரு மாட்டுக்கு அவ்வளவுதான் என்பதால் ஓட்டல்காரர்கள் முந்திக்கொள்வார்கள். முதல் நாளே கடையில் சொல்லிவைத்துவிடு. மேலே வெள்ளையாகப் பளபளவென்று ஒரு சவ்வு ஓடும். கத்தி முனையை அதற்கு அடியில் விட்டு உரித்து எடுத்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் வெந்தாலும் அது சுருண்டு இறுகுமே தவிர இளகாது.

வாங்கின அன்றைக்கே செய்யாதே. இதை மட்டும் கண்டிப்பாகக் கேள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பு விட ஒரு நாளாவது ஆகும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு நாள் இருக்கட்டும். ஃப்ரீசரில் வைக்காதே. கறியை அன்றன்றைக்கு ஆக்கித் தின்று பழகிய அம்மா, வாங்கி வந்ததை இப்படி வைத்திருக்கிறாளே என்று இரண்டு நாளும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் வேலை சுருக்கம்தான். நாருக்குக் குறுக்கே ஒரு அங்குலத்துக்கு மேல் கனமாகத் துண்டு போடு. மிளகை அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்து, உப்போடு இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டு. இரும்புச் சட்டி புகைகிற அளவுக்குக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டுக் கறியை வை. சொய்யென்று சத்தம் வரவில்லை என்றால் சட்டி காயவில்லை என்று அர்த்தம். வைத்த துண்டை நகர்த்தாதே, முறுகினதும் தானே அடி விடும். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கடைசியில் ஒரு கட்டி வெண்ணெய். அண்ணி கறிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி கொண்டுவந்திருந்தார். நடுவில் 63 டிகிரி காட்டினதும் இறக்கி, குறைந்தது மூன்று நிமிஷம் வைத்திருந்து சாப்பிட்டால் பயமில்லை. அம்மா உள்ளே சிவப்பு தெரிந்தால் தொடமாட்டாள், அவள் துண்டை மட்டும் தீயைக் குறைத்து இன்னும் கொஞ்சம் வேகவிட்டேன். இறக்கின உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும், பொறுத்திரு.

சட்டியைக் கழுவிவிடாதே மாலதி. அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதில்தான் சாஸின் ருசி முழுக்க இருக்கிறது. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை அதிலேயே வதக்கி, எலும்புச் சாறு ஒரு தம்ளர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பாதியாக வற்றவிடு. தாத்தா பிராந்தி ஊற்றித் தீக்கொளுத்துவாராம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நான் அதை விட்டுவிட்டேன். க்ரீமை கடைசியில் ஊற்று. நம் கடைகளில் கிடைக்கிற அமுல் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம். பிரான்சில் இதற்கு ஊற்றுவதில் 30 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும், அதனால் அது கொதியைத் தாங்கும். நம்முடையது திரிய வாய்ப்பு அதிகம். சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு, தளதளவென்று கொதிக்கவிடாதே. எலுமிச்சை, தக்காளி எதுவும் கிட்டே வரக்கூடாது. கரண்டி முதுகில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம்.

பிள்ளைகள் ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அம்மாவுக்குச் சோறுதான். சுடுசோற்றில் சாஸை ஊற்றிக்கொண்டு, கறியை விரலால் பிய்த்துப் பார்த்தாள். பிய்ந்தது. ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள், தட்டு ஓரத்தில் எதையும் ஒதுக்கவில்லை. "அப்பா அங்கே ஆக்கினது இதுதானா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். அண்ணனுக்குப் பதில் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பெரியவள் அந்தத் தாத்தா யார், எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்க ஆரம்பிக்க, அம்மா பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தாள். எனக்கே தெரியாத சங்கதிகளெல்லாம் வந்தன. நேரில் வா, சொல்கிறேன்.

விலை சாதாரணக் கறியைவிடக் கூடத்தான். ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவையாவது அம்மாவுக்கு அண்டர்கட் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மிச்ச நாளைக்கு குக்கர் இருக்கவே இருக்கிறது.

மருமகப்பிள்ளை எந்தத் தேதி வருகிறார் என்று உடனே எழுது. மயிலாடுதுறையில் கிடைக்கவில்லை என்றால் நான் இங்கே வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் தம்பியிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும், அந்தக் கணக்கையும் பார்த்துச் சொல். க்ரீமும் வெண்ணெயும் நீ வாங்கிவைத்துக்கொள்.

அன்புடன்,
உன் ஸ்டெல்லா