நைனாவின் தலைத்திவசத்துக்கு முன், அண்ணனுக்கு

அண்ணா,

வியாழக்கிழமை நைனாவுக்குத் தலைத்திவசம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். பெரியப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிச் செலவுப் பேச்சு இங்கே வேண்டாம்.

கொஞ்ச நாளாகப் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற அந்த இருக்கம் தீவுதான் நினைவில் நிற்கிறது. தீபாவளிக்குத்தான் உனக்கு லீவு கிடைத்தது, அதனால் அந்த அடைமழையில் போனோம். பூநாரை கிடைப்பது கஷ்டம் என்று படகுக்காரர் கரையிலேயே சொல்லிவிட்டார். மழைத்தண்ணீர் ஏறினால் பழவேற்காட்டு ஏரியில் அதுகளுக்குக் கால் ஊன்றி நிற்க இடம் தோதுப்படாது. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றை அலசித் தின்கிற பறவை. தை, மாசியில் வாங்க என்றார். நைனா கேட்கவில்லை. பாலாற்றில் மணலையே பார்த்து வாழ்ந்த மனுஷன், அவ்வளவு தண்ணீரைப் பார்த்த பிறகு திரும்புவாரா?

தீவை ஒட்டி, ஆழமில்லாத ஓரத்தில் கொஞ்சம் நின்றிருந்தன. பாதிக்கு மேல் சாம்பல் நிறம். "இதுங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் நைனா. என் கையிலிருந்த குடையை வாங்கி அவருக்குப் பிடித்தபடி நீ சொன்னாய்: "இளசுங்க நைனா. தின்கிற பாசியிலும் இறாலிலும் இருந்துதான் அந்த ரோஜா நிறம் ஏறும், ரெண்டு மூணு வருஷம் ஆகும்." அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் நனைந்துகொண்டிருந்தேன், அது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த அண்ணனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதே படகில்தான், "இனிமே என்கூடவே வந்து இருங்க நைனா" என்றாய். அவர் நம்பினார். வீட்டுக்கு வந்ததும் வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். பெங்களூரிலிருந்து நீ கூப்பிடவே இல்லை. அண்ணியின் பிரசவம், வீட்டுக் கடன், எல்லாம் சரி. அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தவள் நான்.

கோயம்புத்தூர் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டேன். தை பிறந்ததும் அம்மா உன்னிடம் வருகிறாள். உன்னைக் கேட்காமல் முடிவு செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பாய், நீ யோசித்து முடிப்பதற்குள் இந்த வேலையும் போய்விடும். அண்ணியிடம் பேசிவிட்டேன், சரி என்றார்.

அம்மாவால் படி ஏற முடியாது, கீழ் அறையை ஒழித்துக் கொடு. திவசத்துக்குப் புதன் ராத்திரியே வந்துவிடு. எள்ளும் தண்ணீரும் விட நீதான் வேண்டும், என்னை விடமாட்டார்கள்.