எங்கே மக்கும் என்றும் எழுதுங்கள்: உணவுப் பெட்டி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மொரிசியசில் உணவுப் பெட்டிகளை இறக்குமதி செய்தும் விற்றும் வரும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கோவிலின் உரக்குழியைக் கவனித்துவருபவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் 2021 ஜனவரி 15 முதல் தடை வந்ததையும், மக்கும் பொருளாலானவற்றுக்கு விலக்கு உண்டென்பதையும் தாங்கள் அறிவீர்கள். அந்த விலக்கை நம்பித்தான், தைப்பூசக் காவடியன்று பந்திக்கு வர இயலாத முதியவர்களுக்குச் சோறும் ஏழு கறியும் கட்டிக் கொடுக்க, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘மக்கக்கூடியது’ என்று அச்சிட்ட பெட்டிகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். மறுநாள் வீடு வீடாகச் சென்று காலிப் பெட்டிகளைத் திரும்பப் பெற்று, பந்தி வாழையிலைகளோடும் காவடியிலிருந்து கழற்றிய பூக்களோடும் குழியில் இட்டு மூடினோம்.

எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது இலையும் பூவும் கரிய மண்ணாகியிருந்தன. கரும்புச் சக்கையாலான அடிப்பெட்டிகளும் இருந்த இடம் தெரியவில்லை. கண்ணாடி போன்ற மூடிகள் மட்டும் அப்படியே கிடந்தன. ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். ‘மக்கக்கூடியது’ என்ற சொல்லில் ஓர் எழுத்தும் அழியவில்லை. சற்று அழுத்தியதும் அது சில்லு சில்லாக உடைந்தது. அந்தச் சில்லுகளைப் பிரிக்க நால்வர் மூன்று சனிக்கிழமைகள் சல்லடையோடு உட்கார்ந்தும் வேலை தீரவில்லை. கீரைப் பாத்திக்கு எங்களிடம் உரம் வாங்கும் பாட்டி ஒருவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளங்கையில் நாலைந்து சில்லுகளை வைத்துக் காட்டி, “என் பேரப்பிள்ளைங்க வெறுங்காலோட நடக்கிற இடமாச்சே, தம்பி” என்றார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்க வேண்டும்.

அம்மூடிகள் மக்காச்சோள மாவு போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் தாவரப் பிளாஸ்டிக் வகை. அது மக்க வேண்டுமானால் ஏறத்தாழ 60 பாகை வெப்பம் வாரக்கணக்கில் குறையாமல் நிற்கும் பெரிய உர ஆலை வேண்டும். ‘இ.என். 13432’ என்னும் ஐரோப்பியத் தரமும் அத்தகைய ஆலையை மனத்தில் வைத்து, 12 வாரத்தில் சிதைவதையும் 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு மக்குவதையுமே கேட்கிறது. கோவில் குழியையோ கொல்லைப்புறக் குப்பைமேட்டையோ பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பொருளை நான் குறை கூறவில்லை. இதை மறைத்து விற்பதைக் குறை கூறுகிறேன். பெட்டியின் மேல் பச்சை இலைப் படம் போட இடம் இருக்கும்போது, எங்கே மக்கும் என்று ஒரு வரி எழுத இடம் இல்லாமற் போகுமா?

மக்காததைத் தண்ணீர்ப் போத்தல்களோடு மறுசுழற்சிக்கு அனுப்பவும் வழியில்லை. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பி.எல்.ஏ. மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகி, போத்தல் பிளாஸ்டிக்கின் தரத்தைக் கெடுத்துவிடும். குப்பை வண்டியில் போட்டால், 1997 முதல் இத்தீவு முழுவதன் கழிவையும் சுமந்து மலையாகிவிட்ட மார் சிக்கோசு குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். பிளாஸ்டிக்கை விலக்கிக் கூடுதல் பணமும் கொடுத்த பிறகு இதுதான் முடிவென்றால், அடுத்த முறை எந்த வாக்கை நம்பி மக்கள் மாறுவார்கள்?

ஆகவே தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ‘மக்கக்கூடியது’ என்று எழுதும் ஒவ்வொரு பெட்டியிலும் மூடியிலும், வீட்டுக் குழியில் மக்குமா, ஆலையில் மட்டும்தானா என்பதைத் தெளிவாக அச்சிடுங்கள். ஆலையில் மட்டும் மக்குபவற்றை விற்ற கடையிலேயே திரும்பப் பெறவும் ஏற்பாடு செய்யுங்கள். சக்கைப் பெட்டிக்குச் சக்கையாலேயே மூடி தர இயலுமானால், அதை வாங்க முதலில் வருபவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அடுத்த தைப்பூசத்துக்கான பெட்டிகளை மார்கழி மாதத்தில் வாங்குவோம். அதற்குள் தங்கள் பதில் வந்து சேரக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
கோவில் உரக்குழித் தொண்டர்களுள் ஒருவன்