விளம்பரத்தில் விட்டுப்போனவை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதைத் தவிர எழுதும்படியான செய்தி வேறில்லை. நம் பழைய டாட்ஜ் சார்ஜர் காரை விற்பதற்காக நீ கொடுத்திருக்கும் விளம்பரத்தை, என்னோடு வேலை பார்த்த ஒருவர் கண்டு எனக்கு அனுப்பி, "இது உங்கள் வண்டிதானே?" என்று கேட்டார். ஓட்டுநர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கீறலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாராம். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டி உன்னுடையது. நீ ஃபீனிக்ஸுக்குக் குடிபோனபோது, மூடிய டிரெய்லரில் ஏற்றி அனுப்பிய கையோடு டைட்டிலையும், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தையும், உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. ஆகையால் ஏன் விற்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. விற்பதானால் முறையாக விற்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

முதலில், "உடனடி விற்பனை, நியாயமான எந்த விலைக்கும் தரப்படும்" என்று எழுதியிருப்பதை எடுத்துவிடு. அந்த ஒரு வரியைப் படித்தவுடன், வாங்க வருகிறவன் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். இந்த மனிதனுக்கு எத்தனை நாள் பொறுக்க முடியும் என்று கணக்குப் போட்டபிறகுதான் அவன் விலையே பேசுவான். நீ குறித்திருக்கும் விலையும் அப்படிப்பட்டதாகவே இருக்கிறது. இன்ஜின் மாற்றப்பட்டு, அடித்தகடு துருப்பிடித்துக் கிடக்கும் சின்ன 318 இன்ஜின் கொண்ட ஒரு சாதாரண சார்ஜருக்குக் கேட்கும் தொகையை, சார்ஜரிலேயே வேகத்துக்கென்று செய்த ஆர்/டி ரகத்தில் 1969-ஆம் ஆண்டு வண்டி ஒன்றுக்கு, அதுவும் ஆலையிலிருந்து வந்த பெயிண்டோடு நிற்கும் ஒன்றுக்குக் கேட்டிருக்கிறாய். உனக்கு விலை தெரியாது என்று நான் நம்பவில்லை. டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவில் முதன்முதலாக 1995-இல் பழைய கார்களின் அந்த ஆகஸ்ட் ஊர்வலம் தொடங்கிய காலத்தில், பத்து வயதுப் பையனாக வண்டியின் அருகே நின்றுகொண்டு, "ஹெமியா?" என்று, அந்தப் பேர்போன இன்ஜினா என்று, கேட்ட பெரியவர்களிடமெல்லாம், "இல்லை ஐயா, 440 மேக்னம், 375 குதிரைத்திறன், கார்ட்டர் கார்புரேட்டர்" என்று நிதானமாகப் பதில் சொன்னவன் நீ. என்னை விட்டுவிட்டு உன்னிடம்தான் எல்லோரும் கேட்டார்கள். அன்று எனக்கிருந்த பெருமையை உன்னிடம் சொன்னதாக நினைவில்லை. அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன், "எல்லாம் ஒரிஜினல், எண்கள் பொருந்தும்" என்று இரண்டே சொற்றொடரில் விளம்பரத்தை முடித்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை. இன்ஜினும் கியர் பாக்ஸும் அதே வண்டியோடு ஆலையிலிருந்து வந்தவைதான், எண்கள் பொருந்தும் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள்; எழுதினால் போதாது, காட்ட வேண்டும். டேஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் எக்ஸ்எஸ்29எல் என்று தொடங்கும் எண்ணைத் தெளிவாகப் படம் எடு. அதில் எல் என்பது 440 மேக்னத்தைக் குறிக்கும். அந்த ஓர் எழுத்தில்தான் பாதி விலை இருக்கிறது. பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜின் பிளாக்கிலும் கியர் பாக்ஸிலும் பொறித்திருக்கும், ஆண்டையும் ஆலையையும் வரிசையையும் காட்டும் கடைசி எட்டு இலக்கங்களைப் படம் எடு. பிளாக்கைத் தேய்த்துவிட்டுப் புதிதாக எண் பொறிக்கும் ஆட்கள் இருப்பதால், அந்த இடத்தைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்; கம்பி பிரஷ் போட்டுவிடாதே. பானட்டைத் திறந்தால் இடது மட்கார்டின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னத் தகட்டையும் படத்தில் சேர். அதைக் கீழ்வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும்: இ86 இன்ஜின், டி32 டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், எஃப்8 கரும்பச்சை.

ஒரிஜினல் அல்லாதவற்றையும் ஒளிக்காமல் எழுது. டயர், பேட்டரி, சைலன்சர், தண்ணீர் பம்ப், பிரேக் ஹோஸ் ஆகியவை நான் மாற்றியவை. ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிப்பதால் பெட்ரோல் ஹோஸையும் மாற்றினேன். கதவிலுள்ள கீறல் உன் சைக்கிளின் கைப்பிடி பட்டது என்றே எழுதலாம். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நாள் பிடித்திருக்காது. ஆனாலும் அந்தக் கதவின் மற்ற பாகமெல்லாம் 1969-இல் அடித்த பெயிண்ட் என்பதால் தொடவில்லை.

இதனால்தான், வண்டியைப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கித் தருவதாக உன் ஊர்க் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று அம்மா மூலம் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தம்பி, எக்காரணம் கொண்டும் அந்த வண்டியில் பெயிண்ட் பட விடாதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். ஆலைப் பெயிண்ட் ஒரு முறைதான். ஹாம்ட்ராமிக் ஆலையில் அடித்த அந்தப் பெயிண்டின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், அறிந்தவன் வந்தால் கையளவுக் கருவி ஒன்றைக் கதவிலும் மட்கார்டிலும் வைத்து அதை அளந்து பார்ப்பான். அளவு பல மடங்கு கூடினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவான். பானட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் ஆலைத் தொழிலாளி மஞ்சள் கிரேயானால் கிறுக்கிய குறி இன்னும் இருக்கிறது. டிக்கியின் ஓரத்தில் சீலரை விரலால் இழுத்துவிட்ட தடம் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பிக்கிறவர்கள், அந்தக் கிறுக்கல் எந்த இடத்தில், எவ்வளவு கோணலாக இருந்தது என்று பார்ப்பதற்காகவே இப்படிப்பட்ட வண்டியைத் தேடி வருகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு, பிறகு பார்த்து எழுதுவது என்ன புத்தி?

69-இல் ஆர்/டி சுமார் 20,000 செய்தார்கள். அவற்றில் இப்படி நிற்பவை ஏன் குறைவு என்பதை வாங்குகிறவன் அறிந்தே வருவான். அவை ஓட்டி நொறுக்குவதற்கென்றே வாங்கப்பட்ட வண்டிகள். மீதி இருந்த சார்ஜர்களில் நூற்றுக்கணக்கானவற்றை ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத் தாவவிட்டு உடைத்தார்கள். எஞ்சியவற்றை எங்கள் மிச்சிகன் சாலை உப்பு தின்றது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதை நான் வெளியே எடுத்ததே இல்லை, குளிருக்குமுன் ஆண்டுதோறும் அடித்தகட்டில் எண்ணெய் பூசினேன் என்பதையெல்லாம் விளம்பரத்தில் இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம். வினைல் கூரை இல்லாத வண்டி என்பதும் முக்கியம், ஏனென்றால் பின்கண்ணாடியைச் சுற்றி நீர் தங்கித் துருப்பிடிப்பது பெரும்பாலும் அந்த வினைலுக்கு அடியில்தான்.

அது நம் கைக்கு வந்த கதையை எழுதுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். எழுதினால் நல்லது, முதல் உடைமையாளர் யார், எத்தனை கை மாறியது என்பதை வாங்குகிறவர்கள் மதிக்கிறார்கள். முதல் உடைமையாளர் ஹாம்ட்ராமிக்கில் டாட்ஜ் மெயின் ஆலையிலேயே வேலை பார்த்த போலந்துக்காரர். புதிதாகச் சுமார் 3,600 டாலர் விலையிலிருந்த வண்டியை, 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதற்கும், அதற்கு முன்பிருந்தே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இவ்வகை வண்டிகளுக்குக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனதற்கும் பிறகு, வைத்திருக்கவும் முடியாமல் விற்கவும் மனமில்லாமல் வைத்திருந்தார். 1976-இல், வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்த எனக்கு, ஆயிரம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்தார். கோவையிலிருந்த உன் தாத்தாவுக்குப் படம் அனுப்பினேன். "வண்டி லட்சணமாக இருக்கிறது, கேலனுக்கு எத்தனை மைல் கொடுக்கும்?" என்று எழுதிக் கேட்டார். பத்து, பன்னிரண்டு என்று எப்படி எழுதுவது? அவருடைய கேள்விகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

இன்னொன்று. அந்தப் போலந்துக்காரர் விற்கும்போது அவசரப்படவில்லை. அவருக்கும் பணத் தேவை இருந்தது; ஆலை 1980-இல் மூடப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாவிட்டாலும், வேலை குறைந்துகொண்டே வந்தது. அப்படியும் மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார். வேலை என்பது வரும் போகும், அதற்காக முகம் வாடக் கூடாது என்று அவர் தன் மகனிடம் சொன்னதை நானே அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். விளம்பரத்தைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று நீ நினைக்கலாம். நினைவுக்கு வந்ததால் எழுதினேன்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாமே இரவில், கராஜ் விளக்கில் எடுத்தவை. கரும்பச்சை இரவில் கறுப்பாகத்தான் தெரியும். நீ எதையோ மறைக்கிறாய் என்று வாங்குகிறவன் நினைப்பான். காலை வெயிலில், வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி எடு. அப்படியே, வண்டியின் வலப்பக்கமாக அட்டைப் பெட்டிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறாயே, அவற்றில் ஒன்று மட்கார்டின்மேல் சாய்ந்திருக்கிறது. முதலில் அதை நகர்த்து. பெட்டிகளுக்குப் பின்னால் பேத்தியின் கட்டிலைப் பிரித்துச் சாத்தி வைத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. மருமகளின் வண்டி நிற்கும் இடம் காலியாக இருக்கிறது. அது சந்தைக்குப் போயிருந்த நேரமாக இருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. வாங்க வருகிறவர்கள் படத்தில் இப்படிப்பட்டவற்றையும் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தாலும் அவசரப்படாதே. அங்கே பெரும்பாலான வண்டிகள் குறைந்தபட்ச விலை குறிக்காமலேயே மேடை ஏறுகின்றன. அன்றைக்குக் கூட்டத்தின் மனநிலை எப்படியோ அப்படித்தான் விலை. போதாததற்குக் கமிஷன் வேறு. பழைய தோற்றம் மாறாத வண்டியின் அருமை தெரிந்தவன் அந்த வெளிச்சத்தில் கைதூக்குவதைவிட, வீட்டுக்கு வந்து, அடியில் படுத்துப் பார்த்து, மறுநாள் மறுபடி வந்து பார்த்துத்தான் வாங்குவான். அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத நிலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அவசரப்படாதே என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

நீ குறித்திருக்கும் அதே விலைக்கு வாங்க ஒருவர் இங்கே மிச்சிகனில் தயாராக இருக்கிறார். பேரம் பேச மாட்டார், வண்டியைப் பார்க்கவும் தேவையில்லை, பணத்தை நாளைக்கே அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார். வண்டி அங்கேயே, உன் கராஜிலேயே நிற்கட்டும் என்கிறார். அவர் யாரென்று உனக்கே தெரியும். இது உதவி என்று நீ நினைத்து வீம்பு பிடிக்க வேண்டாம்; சந்தையில் கிடைக்காத விலைக்கு ஒரு பொருள் கிடைக்கும்போது வாங்கிப்போடுவது யாரும் செய்கிற வியாபாரம். லாபம் எனக்குத்தான்.

அது வேண்டாம், வெளியாருக்குத்தான் விற்பேன் என்றால் அதையும் தடுக்க மாட்டேன். ஆனால் பின்சீட்டின் ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்து நாம் இருவரும் எடுத்த அந்த ஆலைத் தாள், வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட பிராட்காஸ்ட் ஷீட், என் மேசையில் இருக்கிறது. அது இல்லாமல் விற்றால் பெரிய தொகை குறையும். தபாலில் அனுப்பும் பொருள் அல்ல அது. மடிப்புகளில் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. நானே கொண்டுவருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள், பேத்திக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். எந்த நாள் வசதி என்று எழுது, அல்லது கூப்பிடு; இரவு எந்த நேரமானாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன். அதுவரை யார் முன்பணம் நீட்டினாலும் வாங்காதே. விற்பதற்கு டைட்டிலில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டியிருக்கும். நான் வந்து சேரும்வரை அந்த நோட்டரி வீட்டுப் பக்கமே போகாதே.

அன்புடன்,
அப்பா